‘அமைதி காக்கவும்’ பலகையை ஒரு மணி நேரம் கழற்றுங்கள்!

உங்கள் வீட்டில் இரண்டு, மூன்று வயசில் குழந்தை இருக்கிறதா? நேற்று ராத்திரி அதற்கு எப்படிச் சாப்பாடு ஊட்டினீர்கள்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். நிலாவைக் காட்டியா... செல்போனைக் காட்டியா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் செல்போனைக் காட்டித்தான் ஊட்டினேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. போனில் பொம்மை ஆடினால் வாய் தானாகத் திறக்கும். பத்து நிமிஷத்தில் கிண்ணம் காலி. ‘அப்பாடா!’ என்று இருக்கும்.

பையனுக்கு இரண்டு வயசு முடிந்தது. எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு வார்த்தைக்கு மேல் வரவில்லை. “இவங்க தாத்தாகூட லேட்டாத்தான் பேசினாரு” என்று நானே சமாதானம் சொன்னேன். மகள் கேட்கவில்லை. குழந்தைகள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். நல்லவேளை! காது பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “நாள் பூரா இவன்கிட்ட யாரும்மா பேசறாங்க?”

பதில் சொல்ல முடியாமல் நின்றேன். டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தது இதுதான்: ‘போன் வேண்டாம். தினமும் படப் புத்தகம். கதை.’

டாக்டர் புத்தகத்தைச் சீட்டில் எழுதுவதா என்று சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனையில் 1989-லேயே குழந்தை டாக்டர்கள் இதைத் தொடங்கிவிட்டார்கள். பரிசோதனைக்கு வரும் குழந்தையின் கையில் ஒரு புத்தகம், அம்மாவுக்கு அதை எப்படிப் படித்துக் காட்டுவது என்று இரண்டு வார்த்தை. 2014-ல் அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம், பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று தன் டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இன்னும் தெளிவாகச் சொன்னது. இரண்டு வயசு ஆகும் வரை திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் படித்துக் காட்டுங்கள், கதை சொல்லுங்கள் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது.

அப்படி என்ன இருக்கிறது படப் புத்தகத்தில்? ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். யானை நிற்கிறது. குழந்தை விரலை நீட்டுகிறது. “ஆமா, ஆனை! அதோட வால் எங்கே?” என்று கேட்கிறீர்கள். அது தேடுகிறது, தொடுகிறது, உங்கள் முகத்தைப் பார்க்கிறது. நீங்கள் காத்திருக்கிறீர்கள். ஏதோ ஒரு சத்தம் வருகிறது. அந்தச் சத்தத்துக்கு நீங்கள் பதில் சொல்கிறீர்கள். பேச்சு வளர்வது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். போனில் வரும் பொம்மை விடாமல் பேசும். ஆனால் உங்கள் குழந்தை பதில் சொல்வதற்காக அது ஒரு விநாடிகூடக் காத்திருக்காது.

சரி, சீட்டோடு எங்கே போவது? நேராக எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்குப் போனேன். சிறுவர் புத்தகங்கள் இருந்தன. பூட்டிய பீரோவில்! பேரன் கண்ணாடியைத் தட்டி “ஆ... ஆ...” என்றான். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சுவரில் இருந்த ‘அமைதி காக்கவும்’ பலகையைக் கையால் காட்டினார். நூலகர் எழுந்து வந்து, “குழந்தையைக் கொஞ்சம் வெளியே கூட்டிட்டுப் போங்கம்மா” என்றார். “பீரோவை ஏன் சார் பூட்டி வெச்சிருக்கீங்க?” என்றேன். “கிழிச்சிட்டா நான்தானேம்மா பதில் சொல்லணும்?”

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருப்புக் கணக்கில் ஒரு புத்தகம் குறைந்தால் கேள்வி அவருக்குத்தான் வரும். ஆனால் வாசகர்களே, யோசித்துப் பாருங்கள். பூட்டிய பீரோவில் கிழியாமல் இருக்கும் புத்தகத்தால் யாருக்கு லாபம்? சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகங்களுக்கு ஐந்து விதிகள் எழுதினார். புத்தகம் பயன்படுத்துவதற்குத்தான் என்பதே அதில் முதல் விதி. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்ததும் நம் சென்னை மாகாணத்தில்தான். சொத்து வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோமே, அது அந்தச் சட்டம் போட்ட ஏற்பாடு. எனவே நூலகத்தில் உங்கள் குழந்தைக்கு இடம் கேட்பது பிச்சை இல்லை, உரிமை!

பெரிய நூலகங்களில் நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. 2010-ல் திறந்த சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், கண் நிறைந்துவிடும். ஆனால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் கோட்டூர்புரத்துக்குப் பஸ் ஏற முடியுமா? நடந்து போகிற தூரத்தில் இருப்பது கிளை நூலகம்தான். கதை நேரம் அங்கே வரவேண்டும் என்பதே என் கட்சி.

முடியுமா என்றால், முடியும். எங்கள் நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். கசமுசா என்று பேச்சு. கடைசியில் அந்த நூலகரே, “வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம்... வராந்தாவில் வெச்சுக்கலாம்” என்றார். முதல் வாரம் ஒரு ஜமக்காளம், நாலு குழந்தைகள், பத்துப் புத்தகம். அவ்வளவுதான்!

நாங்கள் செய்வது மிகச் சாதாரணம். முதலில் கை தட்டி ஒரு பாட்டு. பிறகு இரண்டு புத்தகம். நேஷனல் புக் டிரஸ்ட், துலிகா, பிரதம் புக்ஸ் எல்லாம் தமிழில் படப் புத்தகம் போடுகிறார்கள். படம் பின்னால் உட்கார்ந்த பிள்ளைக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து, நிதானமாகப் படிக்க வேண்டும். “இன்னொரு வாட்டி!” என்றால் அதே கதை இன்னொரு வாட்டி. பெரியவர்களுக்குத்தான் அலுப்பு. திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் குழந்தைக்கு வார்த்தை படிகிறது.

அப்புறம் கைவேலை. காகிதப் படகு, பனை ஓலைக் காற்றாடி, காய்ந்த இலைகளை ஒட்டி ஒரு மயில், களிமண்ணில் பிள்ளையார். பசைக்கு மைதாக் கஞ்சி. இது பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். மண் பிசைவதும், காகிதம் கிழிப்பதும், மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டுவதும் விரல்களுக்குத் தேகப்பயிற்சி. பென்சில் பிடிக்க வேண்டிய விரல்கள் முதலில் இங்கேதான் பலப்படுகின்றன. மூன்று வயசுக்காரனை ‘அ’ எழுது என்று அடிப்பதைவிட, ஒரு உருண்டை மண்ணைக் கையில் கொடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மணி, புளியங்கொட்டை, பட்டன் மாதிரிச் சின்னப் பொருள்களைச் சின்னக் குழந்தைகள் பக்கமே கொண்டுவராதீர்கள். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும்.

இந்த ஒரு மணி நேரத்தைக் கெடுக்கிறவர்கள் யார் தெரியுமா? சொன்னால் வருத்தப்படுவீர்கள். பெற்றோர்கள்தான்! கதை முடிந்ததும் முடியாததுமாக, “இதில் என்ன நீதி? சொல்லு!” என்று ஒரு அம்மா. பிள்ளையின் கோணல் யானையைப் பிடுங்கித் தானே அழகாக ஒட்டி போட்டோ எடுக்கிற ஒரு அப்பா. “அடுத்த வாரம் ஏ, பி, சி, டி சொல்லிக் கொடுப்பீங்களா?” என்று இன்னொருவர். தயவுசெய்து இதையும் டியூஷன் ஆக்கிவிடாதீர்கள். கோணல் யானை கோணலாகவே வீட்டுக்கு வரட்டும். அது உங்கள் குழந்தை செய்தது.

“எனக்குப் படிக்க வராதே” என்று தயங்குகிற தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. படப் புத்தகத்துக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. படத்தைப் பார்த்து உங்கள் வாயில் வருவதைச் சொல்லுங்கள். எங்கள் ஜமக்காளத்தில் பிள்ளைகளை அதிகம் சிரிக்க வைப்பது, கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பூக்கார ஆயாதான். வேலைக்குப் போகிறவர்களுக்கு ராத்திரி தூங்கும் முன் பத்து நிமிஷம் போதும். பக்கத்தில் போன் மட்டும் இருக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கதை நேரம் வைத்தியத்துக்குப் பதில் அல்ல. ஒரு வயசாகியும் மழலைச் சத்தமே இல்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, பதினாறு மாசமாகியும் ஒரு வார்த்தை இல்லை, இரண்டு வயசாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டது... இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். “ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்” என்று என்னை மாதிரி நாள் கடத்தாதீர்கள்.

என் பேரன்? அற்புதம் எதுவும் நடக்கவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. சில மாசம் கழித்து ஒரு நாள், நான் வேண்டுமென்றே ஒரு பக்கத்தைத் தாண்டிப் புரட்டினேன். “பாட்டி, ஆனை எங்க?” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகளுக்கு ஆபீசுக்கே போன் போட்டுச் சொன்னேன். அதற்குத்தான் செல்போன்!

இந்த வாரமே உங்கள் தெரு நூலகத்துக்குக் குழந்தையோடு போங்கள். நூலகரிடம் பணிவாகக் கேளுங்கள். ஜமக்காளத்தை நீங்களே கொண்டுபோங்கள். அந்தப் பலகையை ஒரே ஒரு மணி நேரம் கழற்றி வைக்கட்டும். குழந்தைகள் சத்தம் போடட்டும்!