எலியை விரட்டுவது ஒரு வீட்டு வேலை அல்ல

பழ மாதம் வந்துவிட்டால் கெமாஸ் பக்கத்துத் தோட்டங்களில் அணிலைப் பற்றிய முறையீட்டுக்குக் குறைவே இருக்காது. "ரம்புத்தான் ஒரு கொத்துகூட மிஞ்சல தம்பி, எல்லாம் அணில் தின்னுட்டுப் போவுது" என்பார்கள் அக்காமார்கள். மறுநாளே கடையில் எலி மருந்து வாங்கி மரத்தடியில் வைத்துவிடுவதும் உண்டு. இது தவறான காரியம்.

அணில் பகலில் வரும். விடிந்ததும் மரத்தடியில் கடித்த பழம் கிடந்தால் அது எலியோ வௌவாலோ செய்த வேலை. அணிலால் போவது பழம் மட்டுமே. காய்த்த கொத்தைப் பழைய கொசுவலையால் கட்டுங்கள், தென்னைக்குத் தகரம் சுற்றுங்கள், அது போதும். நம் பிள்ளைகள் தின்றது போக அணிலுக்கும் நாலு பழம் போகட்டுமே.

எலியின் சங்கதி வேறு. அதன் சிறுநீரில் உள்ள கிருமி ஈர மண்ணிலும் கால்வாய்த் தண்ணீரிலும் கலந்து, நம் கை கால் கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடம்பில் ஏறுகிறது. மலாய்க்காரர்கள் 'கென்சிங் திக்குஸ்' என்று சொல்லும் காய்ச்சல் இதுதான். 1925லேயே மலாயாவில் கண்டறியப்பட்ட நோய் இது. 2010 டிசம்பரிலிருந்து இதைக் கண்ட டாக்டர் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழத்தைத் தேடி எலி வரும். அதே பழத்தைத்தான் நம் பெண்கள் வெறுங்கையால் பொறுக்குகிறார்கள். முள் குத்தாத கை நம்மில் யாருக்கு இருக்கிறது? கிருமி ஏறி ஒன்று, இரண்டு வாரத்தில் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வரலாம். "சும்மா காய்ச்சல்தான்" என்று பனடோல் முழுங்கிவிட்டுப் பெரட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து. முற்றிவிட்டால் மஞ்சள் காமாலை வரும், சிறுநீரகம் கெடும், உயிரும் போகும். முதலிலேயே போனால் மருந்து உண்டு. ஆனால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். "நான் தோட்டத்துல வேலை செய்றேன், எலி நடமாடுற இடம்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கையுறையும் பூட்சும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இனி விஷத்துக்கு வருவோம். காட்டில் வைக்கும் எலி மருந்துக் கட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சிவப்பும் நீலமுமாக மிட்டாய்போல் இருக்கும் அது, தவழும் பிள்ளை கையில் கிடைத்தால் என்ன ஆகும்? மேலும், அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் கழித்துக் கூரைக்குள் செத்து நாறும். அதைப் பிடித்துத் தின்னும் பூனையும் ஆந்தையும் சேர்ந்து சாகும். கூண்டு வைத்து ஆந்தை வளர்க்கும் தோட்டங்கள் நம் நாட்டில் பல உண்டு. "ஆந்தை அலறினா சாவு வரும்" என்று கல்லெறிகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்த ஆந்தை நமக்காக ராப்பெரட்டு போகிறது.

வீட்டுக்குப் பொறியே மேல். சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாட்டுத் தலையோ வைத்து, சுவரோரமாக வையுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்துப் புதைத்துவிட்டு, அந்த இடத்தைக் குளோராக்ஸ் கலந்த தண்ணீரால் கழுவுங்கள். அரிசியை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். கோழித் தீவனத்தை ராத்திரியில் வெளியே விடாதீர்கள்.

இத்தனையும் செய்தும் எலி போகவில்லை என்றால் குற்றம் உங்களுடையதல்ல. லயத்தில் பத்து வீட்டுக்கும் ஒரே கூரை. நான் என் வீட்டு ஓட்டையை அடைத்தால் எலி பக்கத்து வீட்டுக்குப் போய், கூரை வழியாகவே மறுபடி வரும். "உங்க வீட்ல சுத்தம் இல்ல" என்று கிராணி சொன்னால் தலைகுனிந்து வர வேண்டியதில்லை. உடைந்த பலகையும் அடைபட்ட கால்வாயும் அள்ளாத குப்பையும் நாம் உண்டாக்கியவையா? தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று 1990ஆம் ஆண்டுச் சட்டம், எண் 446, இருக்கிறது. 2019ல் அது திருத்தவும் பட்டது. வீட்டைப் பழுது பார்ப்பது முதலாளியின் கடமை.

எனவே அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வெறும் குறையோடு வராதீர்கள். எந்த வீட்டில் எங்கே ஓட்டை, எந்தக் கால்வாய் அடைப்பு, குப்பை எத்தனை நாளாக அள்ளவில்லை என்று லயம் முழுக்கச் சேர்ந்து ஒரு தாளில் எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜரிடம் பேசப் போகும்போது அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.