எதிர்க்கட்சி வக்கீல்

கோட்டைப்பட்டினத்துப் பெண்களுக்குக் கடலைப் பார்த்துக் கவலைப்படுவது பழக்கம். போன படகு திரும்பவில்லையே என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார்கள். இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்தும் கவலைப்பட வேண்டியிருக்கிறது. அந்தச் சாலையில் லாரிகள் போகிற வேகம் அப்படி!

அந்த ஊர் மீன் வியாபாரி ஒருவர் செங்கற்பட்டுக்குப் பக்கத்தில் லாரி மோதி இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான மாமியார். நஷ்ட ஈடு கேட்க அந்த அம்மாள் செங்கற்பட்டுக்கா ஓட வேண்டும்? வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவு, தாம் குடியிருக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம் என்கிறது. அறந்தாங்கி வழியாகப் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனால் போதும்.

அலைய வேண்டியது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிதான். ஆனால் கம்பெனி அலைவதில்லை. ஊருக்கு ஊர் வக்கீல்களின் பட்டியல் ஒன்றை அது வைத்திருக்கிறது. சம்மன் வந்ததும், பட்டியலில் உள்ள உள்ளூர் வக்கீல் ஒருவருக்குக் கட்டு போய்ச் சேர்ந்துவிடும். 'பானல் வக்கீல்' என்று பெயர்.

அவர் என்ன செய்வார்? டிரைவரின் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதா, பாலிஸி விபத்து நாளில் உயிரோடு இருந்ததா, இறந்தவர் மேல் தப்பு உண்டா என்று துருவுவார். அவரை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். நடக்காத விபத்துக்குப் பணம் கேட்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் இத்தகைய போலி மனுக்களை விசாரிக்க, 2015-ல் ஹைகோர்ட்டு உத்தரவின் பேரில் தனிப் போலீஸ் குழுவே அமைக்க நேர்ந்தது!

டிரைவர் மேல் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் நடக்கும் கிரிமினல் வழக்கின் மேலும் அவருக்கு ஒரு கண் இருக்கும். அங்கே டிரைவர் விடுதலையானால் அதைக் கொண்டுவந்து தீர்ப்பாயத்தில் நீட்டுவார். நம் வீட்டுப் பெண்கள் அதைக் கேட்டதும், "அவ்வளவுதான், எல்லாம் போச்சு" என்று சோர்ந்துவிடுவார்கள். போகவில்லை. என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில் பஸ் ஒன்று தாழத் தொங்கிய மின்சாரக் கம்பியில் மோதி எட்டுப் பேர் அங்கேயே மாண்டார்கள். தெய்வச் செயல் என்று டிரைவர் விடுதலையானார். ஆனாலும் நஷ்ட ஈடு கொடுத்தே தீர வேண்டும் என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் சொல்லிவிட்டார்.

சரி, தீர்ப்பு அம்மாளுக்குச் சாதகமாக வந்துவிட்டது. பானல் வக்கீல் நகல் வாங்கி, அப்பீல் செய்யலாமா கூடாதா என்று அபிப்பிராயம் எழுதிக் கம்பெனிக்கு அனுப்புவார். அப்பீலுக்குத் தொண்ணூறு நாள் தவணை. தகராறில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவானால் அப்பீலே கிடையாது. அப்பீல் செய்கிறவர் 25,000 ரூபாயோ தீர்ப்புத் தொகையில் பாதியோ, எது குறைவோ அதை முதலில் கட்ட வேண்டும். 2004 ஜூலையில் மதுரையில் ஹைகோர்ட்டுக் கிளை திறந்தது முதல், புதுக்கோட்டை அப்பீல்கள் அங்கே போகின்றன. அதற்கு முன்பெல்லாம் சென்னைக்குத்தான். அங்கே கம்பெனிக்கு வேறொரு வக்கீல் ஆஜராவார். அவர் கையில் இருப்பது புதுக்கோட்டையில் பதிவான சாட்சியம்தான். கீழே நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மேலே போய்ப் பேசும்.

ஆகவேதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அடிபட்டவர் ஒரு குடும்பப் பெண் என்றால், கூண்டில் நிற்கும்போது எதிர்க்கட்சி வக்கீல் வெகு சாதுவாக, "அம்மா, தாங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்பார். "வேலையா? வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்று சொல்லி வைக்காதீர்கள்! விடியற்காலம் எழுந்து அடுப்பு மூட்டி, ராத்திரி பாத்திரம் கவிழ்க்கிறவரை ஓடுகிற ஓட்டத்துக்குச் 'சும்மா' என்றா பெயர்? 2019-ல் சர்க்கார் எடுத்த கணக்கில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளைக்கு 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம்.

இந்தக் கணக்கை எடுத்துச் சொன்னது யார் தெரியுமா? சுப்ரீம் கோர்ட்டு. டெல்லியில் 2014-ல் மோட்டார் சைக்கிளில் போன தம்பதி மீது கார் மோதி இருவரும் இறந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகள் மிஞ்சின. தீர்ப்பாயம் சுமார் நாற்பது லட்சம் கொடுத்தது. கம்பெனி அப்பீல் செய்தது. டெல்லி ஹைகோர்ட்டு அதை 22 லட்சமாகக் குறைத்துவிட்டது. குழந்தைகள் சார்பில் மேலே போனார்கள். 2021 ஜனவரி 5-ந் தேதி தொகை 33 லட்சத்து 20 ஆயிரமாக உயர்ந்தது. சம்பளம் வாங்காத இல்லத்தரசிக்கும் வருமானம் உண்டென்று கணக்கிட வேண்டும் என்பதை நீதிபதி ரமணா அதில் விரிவாகவே எழுதினார்.

இன்னொன்று. 2022 ஏப்ரல் முதல் அமலான திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இத்தா இருக்கும் சகோதரிக்கு நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே போய்விடும். மீதி என்ன இருக்கிறது? வக்காலத்துப் பத்திரத்தை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம், தப்பில்லை.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்பவர்களுக்கு: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்றுகூடப் பார்ப்பதில்லை. லோக் அதாலத்தில் ராஜியாகப் போவதும் உண்டு. அங்கே முடிந்தால் அப்பீல் இல்லை, கம்பெனிக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. ஆகையால் தொகையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். போகும்போது முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஆஸ்பத்திரி ரசீதுகள், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.