மார்க் வராதவனுக்கா வேளாண் பாடம்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் ஊரெல்லாம் ஒரே கணக்குதான். நல்ல மார்க்குக்கு பயாலஜி, நடுத்தரத்துக்கு காமர்ஸ், எதுவும் தேறாதென்றால் விவசாயம். புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் இதோடு இன்னொரு கேள்வியும் சேரும்: "கடலோரத்துப் பிள்ளைக்கு எதுக்குப்பா விவசாயம்? நம்மகிட்ட நிலமா இருக்கு?"

நிலம் இருந்தால்தான் வேளாண் கல்வி என்பது வெறும் சாக்கு. 1908-இல் அமெரிக்காவின் நார்தாம்ப்டனில் வேளாண் பள்ளி நடத்திய ரூஃபஸ் ஸ்டிம்சன், பாடத்தை மாணவன் வீட்டிலேயே வைத்தார். பிள்ளை தன் பொறுப்பில் ஒன்றை வளர்க்கும், வரவு செலவு எழுதும். ஆசிரியர் நேரில் போய்ப் பார்ப்பார். 1917-இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம், மாணவருக்கு ஆண்டில் 6 மாதமாவது இப்படி மேற்பார்வையுடன் பயிற்சி வேண்டும் என்றது. 1985-இல் சிகாகோ மாநகரத்துக்குள்ளேயே ஒரு வேளாண் உயர்நிலைப் பள்ளி திறந்தார்கள். ஏர் பிடித்த குடும்பமா என்று பார்த்தா சேர்த்தார்கள்?

அமெரிக்கா வரை போவானேன்? நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் நம் புதுச்சேரியில்தான் தொடங்கியது. பட்டம் தருவது அதன் வேலையல்ல. செய்து பார்த்துக் கற்க வைப்பதுதான். இப்போது குரும்பாபேட்டில் இருக்கிறது, பஸ் ஏறிப் போய்வரும் தூரம்.

குருசுக்குப்பம் கடற்கரையில் மணல் போய்க் கருங்கல் வந்துவிட்டது, உண்மைதான். பாடம் போய்விடவில்லையே! கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறுகிறதா என்று மாதாமாதம் அளந்து எழுதட்டும். மழைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு? ஒரு சின்ன அறையில் வைக்கோலை வேகவைத்துப் பையில் அடைத்துச் சிப்பிக்காளான் வளர்க்கலாம். எந்தப் பை பச்சைப் பூசணம் பிடித்தது, ஏன் பிடித்தது என்று கண்டுபிடிப்பது எந்த பயாலஜி லேபுக்கும் குறைந்ததல்ல. கருவாட்டுக்கு உப்பு எத்தனை பங்கு, காய்ந்தபின் எடை எவ்வளவு குறையும், ஏல விலையில் கையில் நிற்பது என்ன? மக்குப் பிள்ளைக்கான கணக்கா இது?

பெற்றோரின் பயத்தில் நியாயம் உண்டு. பயாலஜியை விட்டுவிட்டால் பல கல்லூரிக் கதவுகள் மூடிவிடும். ஆனால் புதுவை அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அதில் வேளாண்மை ஒரு திறன் பாடம். அறிவியல் பாடங்களோடு சேர்த்தே எடுக்க இடமுண்டு, பள்ளி அதை நடத்த முன்வந்தால். காரைக்காலில் 1987 முதல் வேளாண் கல்லூரியும் இருக்கிறது.

சி.பி.எஸ்.இ. மேல்நிலை வகுப்பில் வேளாண் பாடத்துக்குச் செய்முறை மார்க் தனியாக உண்டு. அந்த மார்க் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நோண்டிக் கேட்க வேண்டும். தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி அடுத்தவன் ரெக்கார்டைப் பார்த்து வரைந்த படத்துக்கா? பிள்ளையைச் சேர்க்கப் போகும் அப்பா அம்மா பாஸ் சதவீதத்தை அப்புறம் விசாரிக்கட்டும். போன மாதம் வேளாண் ஆசிரியர் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குப் போனார் என்று முதலில் கேட்கட்டும்.