காலணா வரியில் போட்ட ரயில் பாதை

ஊருக்குச் சாலை வேண்டும் என்றால் மனு எழுதுவதும், மனு போன வழி தெரியாமல் காத்திருப்பதும் விவசாயிகளுக்குப் பழகிப்போன காரியம். பணம் போடுவது சர்க்கார் வேலை என்பது பொதுவான எண்ணம். பெரும்பங்கு சர்க்கார்தான் போட வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தஞ்சை ஜில்லாவில் ஒரு காலத்தில் விவசாயிகள் கொடுத்த வரியிலிருந்து ரயில் பாதையே போட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு 1894-ல் ரயில் ஓடத் தொடங்கியது. பாதைக்குச் சொந்தக்காரர் தஞ்சாவூர் ஜில்லா போர்டு. ரயிலுக்கென்றே நிலத்தின் மேல் ரூபாய்க்கு மூன்று பை, அதாவது காலணா, தனி வரி போடப்பட்டது. வண்டி ஓட்டும் பொறுப்பு தென்னிந்திய ரயில்வே கம்பெனியிடம் இருந்தது. 1903-க்குள் பாதை பட்டுக்கோட்டையைத் தாண்டி அறந்தாங்கி வரை நீண்டது. அதே தடத்தில் இன்று அகலப் பாதை ரயில்கள் ஓடுகின்றன.

அந்த வரியை எல்லோரும் மனமுவந்து கொடுத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. வரி என்றால் யாருக்கும் கசக்கத்தான் செய்யும். இருந்தாலும் அதில் இரண்டு நியாயங்கள் இருந்தன. எதற்காக வசூலித்தார்களோ அதற்கே செலவாயிற்று. நிலம் அதிகம் உள்ளவர் அதிகம் கொடுத்தார்.

ஜில்லா போர்டுகள் போய், 1958-ம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. இப்போதுள்ள 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி நிலவரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் தலவரி உண்டு. நிலவரியே அற்பத் தொகையாக நின்றுவிட்டதால், ஊர் முழுவதன் தலவரியையும் சேர்த்தாலும் ஒரு வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குக்கூடக் காணாது.

2000-ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில், சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் குடியிருப்புகளுக்கு இணைப்புச் சாலை கிடைத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் அது ஊரை இணைக்கிறதே தவிர, வயலை இணைப்பதில்லை. சிறு விவசாயி நஷ்டப்படுவது வயலுக்கும் தார்ச் சாலைக்கும் நடுவிலுள்ள அந்த ஒன்றரை கிலோமீட்டரில்தான். லாரி உள்ளே வராது. வாழைத்தாரைத் தலைச்சுமையாகக் கொண்டுவர ஒரு கூலி, வண்டியில் ஏற்ற இன்னொரு கூலி. நெல்லறுக்கும் இயந்திரம் வர வேண்டுமென்றால் பக்கத்து வயல்காரர் அறுத்து முடியும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு மழை பெய்தால் கதிர் சாய்ந்துவிடும். பாதை இல்லாத நிலத்தின் விளைச்சலுக்கு வியாபாரி விலை குறைத்துக் கேட்பதும் இதனால்தான்.

இந்த இடத்தில்தான் ஊர்ப் பணம் உதவும். 1997-ல் வந்த ‘நமக்கு நாமே’ திட்டம் 2021-ல் மறுபடி உயிர் பெற்றது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தருகிறது. எந்த வேலை இதில் சேரும், எது சேராது என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொண்டு, கிராம சபையில் வைப்பது நல்லது.

பணம் பிரிக்கும் முறையில்தான் பல ஊர்களில் தகராறு. கோயில் திருவிழா வசூல்போலத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வைப்பது பாதை வேலைக்குப் பொருந்தாது. 6 லட்ச ரூபாய் வேலை, ஊர்ப் பங்கு 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 80 வீடு என்றால் வீட்டுக்கு 2,500. அரை ஏக்கர்காரரும் 2,500, பத்து ஏக்கர்காரரும் 2,500! இது என்ன நியாயம்? பாதையால் பயன்பெறும் நிலம் 100 ஏக்கர் என்றால் ஏக்கருக்கு 2,000 வைக்கலாம். அரை ஏக்கருக்கு 1,000, பத்து ஏக்கருக்கு 20,000. நிலமில்லாத கூலிக் குடும்பத்திடம் கேட்கவே வேண்டாம். அதே பாதையில் கனத்த லாரி ஓட்டும் செங்கல் சூளையும் அரிசி ஆலையும் தனியாக, கூடுதலாகக் கொடுக்கத்தான் வேண்டும். பாதையை உடைப்பவை அந்தச் சக்கரங்கள்.

வேறொரு பணமும் இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் வியாபாரிகளிடம் சந்தைக் கட்டணம் வசூலாகிறது. பஞ்சாபில் மண்டி போர்டு இத்தகைய கட்டணத்திலிருந்துதான் கிராம இணைப்புச் சாலைகளைப் போட்டு வந்திருக்கிறது. இங்கும் ஒரு பங்கு, சரக்கு வந்த கிராமத்துப் பாதைக்கே திரும்ப வேண்டும் என்று விவசாய சங்கங்கள் கேட்பதில் தவறில்லை. கட்டணத்தைச் செலுத்துவது வியாபாரி என்றாலும், அதை நினைவில் வைத்துத்தானே அவர் விலை சொல்கிறார்?

பிரித்த பணம் முழுவதையும் ஜல்லிக்கும் மண்ணுக்கும் செலவழித்துவிடாமல், கொஞ்சம் பராமரிப்புக்கு ஒதுக்குவது அவசியம். பிரதம மந்திரி திட்டச் சாலைகளை ஐந்து ஆண்டுகள் பராமரிக்கும் பொறுப்பு ஒப்பந்தக்காரருக்கு உண்டு. ஊரார் போடும் பாதைக்கு அப்படி ஆள் கிடையாது. டெல்டாவில் பாதையைக் கெடுப்பது வண்டியைவிடத் தண்ணீர்தான். ஓரத்து வடிகாலும், வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் சரியான அளவில் குழாயும் இல்லாவிட்டால் ஒரு ஐப்பசி தாங்காது.

பாதை அகலத்துக்காக இருபுறமும் விடுகிற நிலத்தை ஊராட்சி பெயருக்குப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும். அப்பா வாய்ச்சொல்லால் விட்ட பாதையில் மகன் முள்வேலி அடித்த ஊர்கள் உண்டு.