ஹாலில் ஃபுல் சிக்னல், கடைசி பெட்ரூமில் பஃபரிங்... பிளானை மாத்தினா வைஃபை சரியாகிடுமா? உண்மை நிலவரம் என்ன?

ஹாலில் டிவி பளிச்சென்று ஓடும். அதே வீட்டின் கடைசி பெட்ரூமில் ஆன்லைன் இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கும் மகளின் முகம் திரையில் அப்படியே உறைந்து நிற்கும். "ஹலோ... கேக்குதா சார்?" என்று அவர் நாலு முறை கேட்பதற்குள் கால் கட்டாகிவிடும்.

லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை என புதுச்சேரியின் எந்தப் பகுதி அடுக்குமாடியிலும் கேட்கக்கூடிய கதைதான் இது. இதற்குப் பெரும்பாலானோர் முதலில் செய்வது கஸ்டமர் கேருக்கு போன் போடுவது. அடுத்து, 100 எம்பிபிஎஸ் பிளானை 200 அல்லது 300க்கு மாற்றுவது. மாதாமாதம் பில் ஏறுகிறது. பெட்ரூமில் மட்டும் அதே வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

காரணம் எளிது. வீட்டு வாசல் வரை வரும் இணைய வேகம் வேறு. ரூட்டரிலிருந்து போன் வரை காற்றில் போகும் வைஃபை வேகம் வேறு. பிளானை மாற்றினால் முதலாவது மட்டும்தான் மாறும்.

எங்கே அடைப்பு? 5 நிமிட டெஸ்ட்

பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு சோதனை. ரூட்டரிலிருந்து ஆறேழு அடி தூரத்தில் நின்று போனில் ஸ்பீடு டெஸ்ட் எடுக்க வேண்டும். பிறகு பெட்ரூம் கட்டிலில் உட்கார்ந்து, கதவை வழக்கம்போல் மூடிவிட்டு இன்னொரு முறை.

ரூட்டர் பக்கத்திலேயே வேகம் குறைவு என்றால் இணைய நிறுவனத்திடம் புகார் செய்யலாம். பக்கத்தில் 95, பெட்ரூமில் 3 என்று வந்தால் நிறுவனத்தின் மேல் தப்பு இல்லை. பிரச்னை வீட்டுக்குள் இருக்கிறது.

தேவை எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு எச்டி வீடியோ காலுக்கு 3 முதல் 4 எம்பிபிஎஸ் போதும். 4கே படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பதே 15 எம்பிபிஎஸ்தான். ஆக, 100 எம்பிபிஎஸ் வாங்கும் வீட்டில் பெட்ரூம் தவிப்பது வேகம் போதாமல் அல்ல, அந்த வேகம் அறை வரை போய்ச் சேராமல்தான்.

சுவர் என்ன செய்கிறது?

வைஃபை என்பது ரேடியோ அலை. சுவரில் மோதும்போது அதில் ஒரு பகுதி திரும்பிவிடும், ஒரு பகுதியைச் சுவரே விழுங்கிவிடும். இந்த இழப்பை டெசிபல் கணக்கில் சொல்வார்கள். 10 டெசிபல் இழப்பு என்றால் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. 20 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்கு. அதாவது, 10 டெசிபல் விழுங்கும் சுவர்கள் வரிசையாக மூன்று இருந்தால், மூன்றாவது சுவருக்கு அப்பால் போய்ச் சேருவது ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதில் அலைவரிசையும் முக்கியம். வீட்டு ரூட்டர்கள் பொதுவாக 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என இரண்டில் இயங்குகின்றன. 2.4க்கு வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டிக் கொஞ்சம் தூரம் போகும். 5க்கு வேகம் அதிகம், சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஹாலில் பறக்கும் போன் பெட்ரூமில் தவழ்வது இதனால்தான்.

செங்கல் சுவரை விட இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் மோசம். ஸ்டீல் பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, இரும்புக் குழாய்கள் ஓடும் பாத்ரூம் சுவர் ஆகியவையும் அலையின் எதிரிகள். ஹாலுக்கும் கடைசி பெட்ரூமுக்கும் நடுவில் பாத்ரூம், அந்தப் பக்கம் சுவரோரமாக பீரோ... பல ஃபிளாட்டுகளின் அமைப்பே இப்படித்தான்.

பிரெஞ்சு வீடு, முற்றம் வீடு, ஃபிளாட்: மூன்றும் வேறு வேறு

புதுச்சேரியில் இந்தப் பிரச்னைக்கு ஒரே மருந்து கிடையாது. ஒரே ஊரில் மூன்று விதமான வீடுகள் இருக்கின்றன.

கால்வாய்க்குக் கிழக்கே, கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சு காலத்துப் பகுதியில் பழைய கட்டடங்களின் சுவர்கள் கனமானவை. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, அதற்கு மேல் பூச்சு. வெயிலைத் தடுக்கும் அதே கனம் வைஃபையையும் தடுக்கும். ஒரு ரூட்டரை வைத்து மொத்த வீட்டையும் மூட நினைப்பது இங்கே நடக்காத காரியம்.

கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதியின் பழைய வீடுகளில் சுவர் கனம்தான். ஆனால் நடுவில் முற்றம் இருக்கிறது. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் ரூட்டரை வைத்தால், திறந்தவெளி வழியாகவும் கதவுகள் வழியாகவும் அலை பல அறைகளுக்கும் போய்விடும். அதே ரூட்டர் தெருப்பக்க அறையில் இருந்தால் பின்கட்டுக்கு ஒன்றும் போகாது.

மூன்றாவது, இன்றைய ஃபிளாட். வீடு சின்னதுதான். ஆனால் ஃபைபர் கேபிள் பால்கனி வழியாகவோ வாசல் வழியாகவோ வருகிறது. கேபிள் எங்கே முடிகிறதோ, அங்கேயே டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ரூட்டரை மாட்டிவிட்டு ஊழியர் கிளம்பிவிடுகிறார். வீட்டின் ஒரு மூலையில் விளக்கைப் போட்டுவிட்டு, மறு மூலையில் ஏன் இருட்டு என்று கேட்பது மாதிரிதான் இது. சில புதிய அடுக்குமாடிகளில் அறைச் சுவர்களையும் சேர்த்து முழுக்க கான்கிரீட்டில் வார்க்கிறார்கள். அங்கே நிலைமை இன்னும் கடினம்.

ஒருத்தருக்கு வீக் சிக்னல்... வீட்டுக்கே ஸ்லோ!

"பெட்ரூம்ல தானே வராது, ஹால்ல பாத்துக்கலாம்" என்று விட்டுவிடவும் முடியாது. ஒரே சேனலில் இருக்கும் போன், டிவி, லேப்டாப் எல்லாம் மாறி மாறித்தான் ரூட்டருடன் பேசும். சிக்னல் குறைந்த இடத்தில் இருக்கும் போன் மெதுவாகப் பேசும். பத்து மடங்கு மெதுவாகப் பேசினால், அதே வீடியோவுக்கு பத்து மடங்கு நேரம் காற்றைப் பிடித்துக்கொள்ளும். அதுவரை மற்றவை காத்திருக்க வேண்டும். கடைசி அறையின் வீக் சிக்னல் ஹாலில் இருக்கும் டிவியையும் இழுத்துப் பிடிப்பது இப்படித்தான்.

"நாலு ஆன்டெனா, எட்டு ஆன்டெனா ரூட்டர் வாங்கிட்டா?" என்ற கேள்வியும் வரும். ஓரளவு உதவலாம். ஆனால் வைஃபை இருவழிப் பேச்சு. ரூட்டர் சத்தமாகப் பேசினால் மட்டும் போதாது, சின்ன போன் திரும்பப் பேசுவதும் ரூட்டருக்குக் கேட்க வேண்டும். ரூட்டர் எவ்வளவு சக்தியில் ஒலிபரப்பலாம் என்பதற்கு அரசு விதித்த உச்சவரம்பும் இருக்கிறது.

செலவே இல்லாமல் முதலில் என்ன செய்யலாம்?

* ரூட்டரை டிவிக்குப் பின்னாலிருந்தும் அலமாரிக்குள்ளிருந்தும் வெளியே எடுத்து, தலை உயரத்தில் திறந்த இடத்தில் வைக்க வேண்டும்.

* முடிந்தால் வீட்டின் நடுவே, பெட்ரூம் கதவுகள் தெரியும் நடைபாதைப் பக்கம் நகர்த்தலாம். ஃபைபர் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து, தனி ரூட்டரை நடுவில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

* பெட்ரூம் பக்கச் சுவரில் சாய்ந்திருக்கும் ஸ்டீல் பீரோவை இடம் மாற்றிப் பார்க்கலாம்.

* அடுக்குமாடியில் மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு என எல்லோருடைய வைஃபையும் மோதும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். ரூட்டர் செட்டிங்கில் இவற்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்வு செய்யலாம். மைக்ரோவேவ் ஓவன் அருகே ரூட்டரை வைக்கக் கூடாது. அதுவும் இதே அலைவரிசையில்தான் இயங்குகிறது.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே கட்டிலில் உட்கார்ந்து அதே டெஸ்ட் எடுக்க வேண்டும். எண் ஏறவில்லை என்றால் அது தீர்வு இல்லை.

ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

ரிப்பீட்டர்: விலை குறைவு, பிளக்கில் சொருகினால் போதும். ஆனால் பலரும் செய்யும் தவறு, சிக்னல் செத்த பெட்ரூமுக்குள்ளேயே இதை வைப்பது. அங்கே வந்து சேராத சிக்னலை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? ரூட்டருக்கும் பெட்ரூமுக்கும் பாதி வழியில், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். ஒரே ரேடியோவில் கேட்டு அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவு ரகங்களில் வேகம் பாதியாகக் குறையும். வீடியோ காலுக்குச் சமாளிக்கும், அவ்வளவுதான்.

மெஷ்: இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே வைஃபை பெயரில் சேர்ந்து இயங்கும். வீட்டுக்குள் நடந்தால் போன் பக்கத்துப் பெட்டிக்கு மாறிக்கொள்ள இது வழிசெய்யும். செலவு பல ஆயிரம் ரூபாய். ஆனால் இந்தப் பெட்டிகளும் தங்களுக்குள் காற்று வழியாகவே பேசினால், நடுவில் இருக்கும் அதே சுவர் அவற்றையும் தடுக்கும்.

லேன் கேபிள்: பழைய முறை, இன்றும் உறுதியான முறை. ஒரு கேட் 6 கேபிள் 100 மீட்டர் தூரம் வரை 1 ஜிபிபிஎஸ் வேகத்தைக் கொண்டுபோகும். சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஹால் ரூட்டரிலிருந்து கேபிளை இழுத்து, பெட்ரூமில் ஒரு சின்ன ஆக்சஸ் பாயின்ட் வைத்தால் அந்த அறைக்குத் தனி வைஃபை கிடைத்துவிடும். பழைய ரூட்டரையே ஆக்சஸ் பாயின்டாக மாற்றிப் பயன்படுத்தவும் பல மாடல்களில் வசதி உண்டு. கனமான சுவர் கொண்ட பாரம்பரிய வீடுகளுக்கு இதுதான் கைகொடுக்கும். சுவரைத் துளைக்காமல் கதவு நிலையின் ஓரமாகவே கேபிளைக் கொண்டுபோகலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இதே வழி. காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

ஒரு எச்சரிக்கை. வைஃபை ரிப்பீட்டர் வேறு, மொபைல் சிக்னல் பூஸ்டர் வேறு. மொபைல் டவர் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரை அனுமதி இல்லாமல் தனிநபர்கள் வாங்கி மாட்டுவது சட்டவிரோதம் என தொலைத்தொடர்புத் துறை எச்சரித்துள்ளது. கடையில் "பூஸ்டர்" என்று மட்டும் கேட்டு வாங்கி வம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

6 ஜிகாஹெர்ட்ஸ் வந்தால் எல்லாம் சரியாகுமா?

இந்தியாவில் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு கூடுதல் அலைவரிசைகள் 2018 அக்டோபரில் உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டன. அடுத்த கட்டமாக, 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கும் அதே விலக்கு அளிக்கும் வரைவு விதிகளை தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. அமெரிக்கா 2020 ஏப்ரலிலேயே 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. வைஃபை 6இ, வைஃபை 7 என்ற பெயரில் வரும் ரூட்டர்கள் இந்த அலைவரிசையையும் கணக்கில் கொண்டவை.

நெரிசல் மிகுந்த அடுக்குமாடிக்கு இது நல்ல செய்தி. பக்கத்து வீட்டு வைஃபையின் தொல்லை குறையும். ஆனால் அலைவரிசை மேலே போகப் போக சுவரைத் தாண்டும் திறன் குறையும். வீட்டுக்குள் குறைந்த சக்தியில்தான் இதை இயக்க வேண்டும் என்றும் அந்த வரைவு விதி சொன்னது. ஆகவே ரூட்டர் இருக்கும் அறையில் வேகம் பறக்கும், கடைசி பெட்ரூமுக்கு மட்டும் பெரிய மாற்றம் இருக்காது. கடைசி அறைக்காக மட்டும் விலை உயர்ந்த புது ரூட்டர் வாங்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

ஃபிளாட்டுக்கும் வந்தாச்சு ஸ்டார் ரேட்டிங்

கட்டடத்துக்குள் சிக்னல் கிடைப்பதை கட்டடத்தின் தரத்தோடு சேர்த்துப் பார்க்க அரசு அமைப்புகளும் தொடங்கிவிட்டன. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்புத் தர மதிப்பீடு வழங்கும் ஒழுங்குமுறையை 2024 அக்டோபர் 25 அன்று வெளியிட்டது. ஃபைபர் வசதி, மொபைல் சிக்னல், கட்டடத்துக்குள் வைஃபை ஏற்பாடு, பிராட்பேண்ட் வேகம் போன்றவற்றைப் பார்த்து நட்சத்திர மதிப்பீடு தரப்படும். ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் ஸ்டார் பார்ப்பது போல, இனி ஃபிளாட்டுக்கும் பார்க்கலாம்.

ஆனால் இது கட்டாயம் அல்ல. கட்டட நிர்வாகம் விரும்பி விண்ணப்பித்தால் மட்டுமே மதிப்பீடு. வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் பில்டர்கள் விண்ணப்பிப்பார்கள்.

இன்று ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வருமா, பார்க்கிங் உண்டா, லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஏசிக்கும் டிவிக்கும் இன்வெர்ட்டருக்கும் பில்டர் சுவருக்குள் பைப் போட்டுவிடுகிறார். அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு கேள்வி சேர வேண்டும்: "ஒவ்வொரு பெட்ரூமுக்கும் லேன் கேபிள் பாயின்ட் இருக்கா?" சுவர் பூசுவதற்கு முன் கேட்டால் ஆகும் செலவு சில மீட்டர் பைப்பும் கேபிளும்தான். குடியேறிய பிறகு கேட்டால், ரிப்பீட்டர், மெஷ், பெரிய பிளான் என மாதாமாதம் அதற்கு விலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.