துவக்கு பழசாக இருக்கட்டும், கண்ணாடி நல்லதாக இருக்கட்டும்

நோர்வேயில் 14 வயதாகும் வருடத்திலேயே யேகர்ப்ரூவன் என்ற வேட்டைப் பரீட்சையை எழுதலாம். 30 மணித்தியால வகுப்பு, 50 கேள்விகள், 40 சரியென்றால் பாஸ். வகுப்பில் கூடப் படிக்கும் நோர்வேக்காரப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அவர்களோடு சேர்ந்து எங்கள் பிள்ளைகளும் ஒன்றிரண்டு பேர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். என் அக்காவின் மகன் அதில் ஒருவன். பாஸானவுடன் என்னிடம் அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, 24 மடங்கு பெருப்பிக்கிற ஸ்கோப் ஒன்று 1,500 குரோனருக்குப் போகுது. வாங்கட்டா?"

வேண்டாம் என்றேன். ஏன் என்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். உங்களில் வேறு சிலருக்கும் இதே கேள்வி இருக்கும்.

என் கருத்து இதுதான். முதல் துவக்கு பழையதாக இருக்கலாம், மரம் கீறுப்பட்டதாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக் கிழவர் முப்பது வருடம் வைத்திருந்ததாகவும் இருக்கலாம். அதன் மேல் பூட்டுகிற ஸ்கோப் மட்டும் உங்கள் காசுக்குக் கிடைப்பதிலேயே நல்லதாக இருக்கவேண்டும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்கும் அப்படித்தான். "பழகுகிற பிள்ளைக்கு இது போதும்" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். கிற்றாருக்கு அது சரி. சறுக்குப் பலகைக்கும் சரி. வேட்டைக்குச் சரிவராது. பழகுகிற பிள்ளையின் பிழைக்கு விலை கொடுப்பது பிள்ளை இல்லை, மிருகம்.

முதலில் அந்த 24 மடங்கைப் பார்ப்போம். பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது அந்த இலக்கம்தான், ஏனென்றால் அதைப் பெரிதாக்குவது மலிவு. இப்போது ஒரு சின்னக் கணக்கு. முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் பிரித்தால், கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் கண்ணாடியை 24 மடங்கில் வைத்தால் 2 மில்லிமீட்டர் சொச்சம். அதே 50-ஐ 8 மடங்கில் வைத்தால் 6 மில்லிமீட்டருக்கு மேல். மங்கல் வெளிச்சத்தில் உங்கள் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். அதற்குள் 2 மில்லிமீட்டர் வட்டத்தை விட்டால் படம் இருண்டுதான் இருக்கும். வேட்டையில் மிருகம் வெளியே வருவது பெரும்பாலும் விடிகிற நேரத்திலும் பொழுதுபடுகிற நேரத்திலும்.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. வயது ஏற ஏறக் கண்மணி அவ்வளவு விரியாது. ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு 5 மில்லிமீட்டர் வந்தாலே பெரிய காரியம். ஆகவே 8 மடங்கும் 56 மில்லிமீட்டரும் கொண்ட பெரிய ஸ்கோப் தருகிற 7 மில்லிமீட்டர் வெளிச்சத்தை முழுதாகப் பயன்படுத்தக்கூடியவர் அதை வாங்க வசதியுள்ள வேட்டைக்கார மாமா இல்லை. அவரோடு கூடப் போகிற பதினாறு வயதுப் பிள்ளை. கடைக்காரர்கள் இதைச் சொல்லமாட்டார்கள், காசு இருப்பது மாமாவிடம்தானே.

24 மடங்கின் இன்னொரு பிரச்சினை, எதையும் முழுதாகப் பார்க்கமுடியாது. நூறு மீட்டரில் அதற்குள் அடங்குவது ஒன்றரை மீட்டர் சொச்ச அகலம். வளர்ந்த எல்க் ஒன்று இரண்டரை, மூன்று மீட்டர் நீளம். தலை தெரிந்தால் வால் தெரியாது. அதோடு உங்கள் நெஞ்சு அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் படம் துள்ளும். 6 மடங்கு ஸ்கோப்பில் அதே தூரத்தில் 7 மீட்டர் தெரியும். மிருகம் தெரியும், பக்கத்தில் நிற்பதும் தெரியும், பின்னால் பாதை போகிறதா என்பதும் தெரியும்.

சரி, பெருக்கம் குறைந்த மலிவு ஸ்கோப் வாங்கலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் கண்ணாடியின் தரம் வருகிறது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பும் அதன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 வீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு ஸ்கோப்புக்குள் ஐந்து வில்லை என்று வையுங்கள், பத்து மேற்பரப்பு. 0.96-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள்: 66 வீத ஒளிதான் மறுபக்கம் வரும். நல்ல பலபடைப் பூச்சு ஒவ்வொரு பரப்பிலும் இழப்பை அரை வீதத்துக்குக் கொண்டுவந்தால் 95 வீதம் வரும். திரும்பி அடித்த ஒளி சும்மா போவதும் இல்லை. உள்ளே அலைந்து படத்தின் மேல் பால் ஊற்றினமாதிரி ஒரு வெளிறலை உண்டாக்கும். சூரியன் எதிரே தாழ்வாக நிற்கும்போது மலிவு ஸ்கோப்பைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இந்தப் பூச்சை 1935-இல் ஜெர்மனியின் யேனா நகரில், ஸைஸ் நிறுவனத்தில் வேலைசெய்த அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா என்ற பௌதிகவியலாளர் கண்டுபிடித்தார். சில வருடங்கள் அது இராணுவ இரகசியமாக இருந்தது. இன்று உங்கள் மூக்குக்கண்ணாடியிலும் கைத்தொலைபேசிக் கமராவிலும் அதன் பேரப்பிள்ளைகள்தான் இருக்கின்றன.

இவ்வளவு வெளிச்சம் எதற்கு? நன்றாகச் சுடுவதற்கு என்று நினைப்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நல்ல ஸ்கோப்பின் பெரிய வேலை, சுடாமல் விடுவதற்கு உங்களுக்குக் காரணம் காட்டுவது. எல்க் வேட்டையில் கன்று, பசு, காளை என்று எதை எத்தனை எடுக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. பசுவைச் சுட்டுவிட்டுப் பிறகு பார்த்தால் பற்றைக்குப் பின்னால் கன்று நிற்கிறது என்றால், அந்தக் கன்றுக்குப் பனிக்காலம் எப்படிப் போகும் என்று யோசியுங்கள். குண்டின் வழியில் விரல் மொத்தத்தில் ஒரு பேர்ச் கொப்பு குறுக்கே நிற்கும். மங்கல் கண்ணாடியில் அது புல்லோடு புல்லாகக் கரைந்துவிடும், நல்ல கண்ணாடியில் கொப்பாகவே தெரியும். தெரிந்தால் விரலை எடுத்துவிடுவீர்கள். தெரியாவிட்டால் குண்டு அதில் பட்டு விலகி வயிற்றில் போய் விழும். அதற்குப் பிறகு நடப்பது எந்த வீடியோவிலும் வராது. காயப்பட்ட எல்க்கைத் தேடுவது இங்கே சட்டப்படி கடமை. அன்று முழுதும், அடுத்த நாளும், பழக்கிய நாயோடு. அப்படி ஒரு தேடலில் கூட நடந்த பெரிய மனிதர்கள் அன்று இரவு சாப்பாட்டு மேசையில் ஒரு வார்த்தை கதைக்காமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடிக்கு அடுத்தது உள்ளே இருக்கும் பொறிமுறை. பொறியியல் படித்தவன் என்பதால் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பின் மேலேயும் பக்கத்திலேயும் இரண்டு திருகிகள். ஐரோப்பிய ஸ்கோப் என்றால் பெரும்பாலும் ஒரு கிளிக்குக்கு நூறு மீட்டரில் 1 சென்டிமீட்டர் நகரும். நகரவேண்டும். மலிவானதில் உள்ளே இருக்கும் வில் களைத்துப்போய், மூன்று கிளிக் திருப்பினால் ஒன்றும் நடக்காது, நாலாவதில் எல்லாம் சேர்ந்து துள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய சோதனை உண்டு. நூறு மீட்டரில் ஒரு சூடு வையுங்கள். 20 கிளிக் மேலே, ஒரு சூடு. 20 வலது, ஒரு சூடு. 20 கீழே, ஒரு சூடு. 20 இடது, ஒரு சூடு. காகிதத்தில் பக்கம் 20 சென்டிமீட்டர் வரும் ஒரு சதுரம் இருக்கவேண்டும், கடைசிக் குண்டு முதல் குண்டுக்குப் பக்கத்தில் வந்து விழவேண்டும். வராவிட்டால் அந்த ஸ்கோப்பில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் வீண். நான் வேலையில் மென்பொருளுக்குச் செய்வதும் இதுதான்: நாலு இடம் போய்விட்டுத் தொடங்கின இடத்துக்குத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. திரும்பி வராத எதையும் நம்பி ஒரு முடிவு எடுக்கமுடியாது.

"இவ்வளவு விலையா, அதுவும் ஒரு பிள்ளைக்கா?" என்று அப்பா அம்மா கேட்பார்கள். அவர்களோடு சண்டைபிடிக்கவேண்டாம். நல்ல சாமான் என்றால் என்னவென்று அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் றலி சைக்கிள் வைத்திருந்த ஒருவரிடம் அதைப்பற்றிக் கேட்டுப் பாருங்கள், அரைமணித்தியாலம் கதைப்பார். சிங்கர் தையல் மெஷின் ஒன்று மூன்று தலைமுறைக்குத் தைத்த வீடுகள் உண்டு. இங்கே வடக்கே ஃபின்மார்க்கில் மீன் ஆலைகளில் நின்ற எங்கள் அப்பாமாரில் எத்தனை பேர் தங்கள் கத்தியை இன்னொருவர் தொட விட்டிருப்பார்கள்? கூரில்லாத கத்தி மீனையும் கெடுக்கும், மணிக்கட்டையும் கெடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பேச்சிலிருந்து தொடங்கினால் ஸ்கோப்பின் விலை விளங்கும்.

விளங்காதது வேறொன்று. "துவக்கு" என்ற சொல்லை நாங்கள் ஒரு கருவியின் பெயராகச் சொல்கிறோம். அம்மாவுக்கு அது சோதனைச்சாவடி, இரவில் நாய் குரைப்பது, வீட்டுக்கு வராமல் போன ஒருவர். அதற்கு இலக்கங்கள் எதுவும் பதிலாகாது. 18 வயதுக்குக் கீழே வேட்டை பழகப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று இங்கே சட்டம் சொல்கிறது. அந்தக் கையெழுத்தைச் சாப்பாட்டு மேசையில் அவசரமாக வாங்கி முடிக்கவேண்டாம். துவக்கு யார் வீட்டு அலுமாரியில் பூட்டியிருக்கும், திறப்பு யாரிடம், யாரோடு காட்டுக்குப் போவீர்கள் என்று காட்டுங்கள், அந்த ஆளை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் ஒரு வருடம் பொறுங்கள். ஸ்கோப் பழுதாகாது.

மற்றப் பக்கமும் ஒரு சொல். பிராண்ட் பெயருக்காக வாங்கிப் படம் போடுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. ஆஸ்திரியாவின் அப்சாம் ஊரில் செய்த 20,000 குரோனருக்கு மேற்பட்ட ஸ்வரோவ்ஸ்கி ஒன்றைத் துவக்கில் பூட்டி, அதற்குப் பிடிமானமாக இருக்கும் வளையத்தைக் கண்டபாட்டுக்கு முறுக்கி, இரண்டு திருகி தளர்ந்தபடி ரேஞ்சுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். சாமானின் அருமை தெரிகிறது என்றால், அதில் எந்தத் திருகி எதற்கு என்று தெரிகிறது, வளையத்தை அளவுமுறுக்கியால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கத் தெரிகிறது, மழையில் நனைந்தால் எப்படித் துடைப்பது என்று தெரிகிறது. சட்டைத் துணியால் தேய்க்காதீர்கள், முதலில் தூசியை ஊதுங்கள்.

காசில்லாத பிள்ளை என்ன செய்வது? 14, 15 வயதில், சொந்தத் துவக்கே இல்லாத காலத்தில், முதலில் ஒரு நல்ல 8×42 தொலைநோக்கி வாங்குங்கள். காட்டில் எதையும் தேடிப் பார்ப்பது அதனால்தான். ஸ்கோப்பால் தேடிப் பார்ப்பதென்றால், என்னவென்று தெரியாத ஒன்றின் மேல் துவக்கை நீட்டுவது என்று அர்த்தம். அது காளான் பொறுக்க வந்த ஆளாகவும் இருக்கலாம். பிறகு, பெரிய வேட்டை பழகும் 16 வயது வரும்போது, பழைய ஸைஸ் அல்லது ஷ்மிட் அண்ட் பெண்டர் 6×42 ஒன்றைப் பாவித்த சாமான் விற்கும் இடங்களில் தேடுங்கள். பெருக்கம் மாற்ற முடியாது, வெளிச்சப் பொத்தான் கிடையாது, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆகவே விலை குறைவு. 42-ஐ 6-ஆல் பிரியுங்கள்: 7. உங்கள் கண் கேட்கிற அதே 7. வாங்குமுன் ஜன்னலுக்கு எதிரே பிடித்து உள்ளே பூஞ்சணமோ மூட்டமோ இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் சம்மதித்தால் அந்தச் சதுரச் சோதனையையும் செய்துவிட்டே காசைக் கொடுங்கள்.

மருமகன் இப்போது அப்படி ஒன்றுக்குக் காசு சேர்க்கிறான். அவன் பேசி வைத்திருக்கும் துவக்கு 6.5×55, அவனைவிட மூத்தது. பெரிய வேட்டைக்குப் போக ஒவ்வொரு வருடமும் 30 பயிற்சிச் சூடு, பிறகு நூறு மீட்டரில் ரெயின்டியர் உருவத்தில் 5 சூடு, அஞ்சும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழவேண்டும். நாட்டின் பெரும்பகுதியில் எல்க் வேட்டை செப்டம்பர் 25 தொடங்குவதால் ஆகஸ்டில் ரேஞ்சுகளில் வரிசை நீளம். ஜூனில் போங்கள், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.