சிவப்பெழுத்தும் கறுப்பெழுத்தும்

தியானப் பகுதி: லேவியராகமம் 19:13-18, யாக்கோபு 5:1-6



சில வாரங்களுக்கு முன் வேதபாட வேளையில் யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தோம். வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்த ஐசுவரியவான்களைக் கடிந்துகொள்ளும் பகுதி அது. அப்போது ஒரு சகோதரர் தம் கையிலிருந்த வேதாகமத்தைக் காட்டி, "ஐயா, இது கறுப்பெழுத்துதானே, சிவப்பில் இல்லையே" என்றார். எல்லாரும் சிரித்தோம்; நானும் சிரித்தேன். வீடு திரும்பியபின் அந்தச் சிரிப்பு என் உள்ளத்தை உறுத்தியது.

இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பு மையில் அச்சிடும் வழக்கம் மிகப் பழமையானதன்று. நியூயார்க்கில் 'கிறிஸ்டியன் ஹெரால்ட்' இதழின் ஆசிரியராயிருந்த லூயி க்ளாப்ஷ், 1899-இல் அவ்விதமான புதிய ஏற்பாட்டையும் 1901-இல் முழு வேதாகமத்தையும் வெளியிட்டார். லூக்கா 22:20-இல் ஆண்டவர் தம் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கையைப் பற்றிச் சொன்னதை வாசித்தபோதே அவருக்கு இந்த எண்ணம் உதித்தது. இரத்தத்தின் நிறமே எழுத்தின் நிறமாயிற்று.

சிவப்பு மையோ அதற்கும் மிக முந்தியது. நடுக்காலத்தில் கையால் நூல்களைப் படியெடுத்தவர்கள் தலைப்புகளையும் திருநாட்களையும் சிவப்பில் எழுதினார்கள். செம்மண்ணைக் குறிக்கும் 'ரூப்ரிக்கா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்தே, ஆராதனை ஒழுங்கில் வரும் குறிப்புகளுக்கு 'ரூப்ரிக்' என்னும் பெயர் வந்தது. நம் வீட்டு நாட்காட்டியிலும் ஞாயிற்றுக்கிழமை சிவப்பில்தான் நிற்கிறது. கறுப்பின் நடுவே சிவப்பைக் கண்டால் கண் நிற்கும். அரிதாக வருவதினாலேயே அந்நிறத்துக்கு அந்த வல்லமை உண்டு.

ஆகவே சிவப்பெழுத்து வேதாகமத்தை நான் குறைகூறவில்லை. ஆண்டவரின் குரலை விரைவாகக் கண்டடைய அது உதவுகிறது. ஆனால் கண் நிற்கும் இடத்திலேயே இருதயமும் நின்றுவிடுமானால், அங்கே ஆபத்து உண்டு.

சிந்தித்துப் பாருங்கள். பிறனை நேசிக்கும்படியான கட்டளை மத்தேயு 22:39-இல் சிவப்பாயிருக்கிறது. லேவியராகமம் 19:18-இல் அதே கட்டளை கறுப்பாயிருக்கிறது. வனாந்தரத்தில் சோதனைக்காரனுக்கு இயேசு கொடுத்த மூன்று பதில்களும் உபாகமத்தின் கறுப்பெழுத்துகளிலிருந்து எடுக்கப்பட்டவை. சிலுவையின்மேல் அவர் கூப்பிட்ட வார்த்தை இருபத்திரண்டாம் சங்கீதத்தின் தொடக்கம். நாம் கடந்துபோகும் கறுப்பெழுத்தை நம் ஆண்டவர் தம் மரணவேளையிலும் பற்றிக்கொண்டார்!

மேலும், எங்கே சிவப்பு முடியவேண்டும் என்று தீர்மானித்தவர்கள் பதிப்பாசிரியர்களே. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் மேற்கோள் குறிகள் இல்லை. ஆகையால் நாம் மனப்பாடமாய் அறிந்த யோவான் 3:16 சில பதிப்புகளில் சிவப்பாகவும், வேறு சிலவற்றில் கறுப்பாகவும் இருக்கிறது. நிறம் மாறுவதனால் தேவனுடைய அன்பு குறைந்துபோகிறதோ?

அந்தக் கூலியின் காரியத்துக்கு வருகிறேன். பிறனை நேசிக்கச் சொல்லும் வசனத்துக்கு ஐந்து வசனங்களுக்கு முன், அதே அதிகாரத்தில், கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை நம்மிடத்தில் இருக்கலாகாது என்று எழுதியிருக்கிறது. ஆண்டவர் சிவப்பாக்கிய அன்பு, கறுப்பிலே கூலியாக வெளிப்படுகிறது. நம் வீட்டைப் பெருக்கும் சகோதரிக்கும், நம் கடையில் சுமை தூக்கும் தம்பிக்கும் உரியதை நாளைக்கு என்று தள்ளிவைத்துவிட்டு, நாம் எந்த எழுத்தை வாசித்து என்ன பயன்?

இந்த வாரம் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாய் வாசியுங்கள். வாசித்தபின், கொடுக்கவேண்டியது ஏதேனும் உங்கள் கையில் தங்கியிருந்தால், சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுத்துவிடுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, உமது இரத்தத்தினால் எங்களை மீட்டுக்கொண்டீர். உமது வார்த்தை முழுவதற்கும் கீழ்ப்படிகிற இருதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.